ஓடாத கைக்கடிகாரம், உறுமும் ஆம்ப்: அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் வழி

என் எச்.எம்.டி. பைலட் கைக்கடிகாரம் திடீரென்று ஒரு நாளைக்கு 20 நிமிடம் வேகமாக ஓட ஆரம்பித்தது. அதற்கு முந்தைய வாரம் வரை அரை நிமிடத்துக்கு மேல் பிசகியதில்லை. மூடியைத் திறந்து பார்க்கலாமா, சர்வீசுக்குக் கொடுக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த வாரம் வாங்கி வந்த பழைய ஸ்பீக்கர் பெட்டியின் மேல்தான் ஒவ்வொரு இரவும் கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரின் காந்தம் உள்ளே துடிப்பை நடத்தும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கில் ஏறிவிட்டது. பத்து விநாடியில் சரிசெய்தேன். மூடியைத் தொடவே இல்லை.

பழைய கடிகாரமும் பழைய ஆடியோ சாமான்களும் ஒரே வீட்டில் வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். இரண்டு பைத்தியமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன: சுற்றுகிற, துடிக்கிற, கையால் தொட்டுப் புரிந்துகொள்ள முடிகிற இயந்திரங்கள் மேல் உள்ள ஆசை. இரண்டிலும் பழுது கண்டுபிடிக்கும் முறையும் ஒன்றுதான். ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் காதையும் கண்ணையும் பயன்படுத்த வேண்டும். என்ன நடக்கிறது, எப்போது நடக்கிறது, எதைத் தொட்டால் மாறுகிறது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான் கெடுத்த சாமான்கள் எல்லாமே இந்த இரண்டு வரியை மறந்த நாட்களில் கெட்டவை.

கீழே உள்ளவற்றை உங்கள் அறிகுறியைத் தேடிப் படித்தால் போதும். முதலில் கடிகாரம், பிறகு ஆடியோ.

சாவி கொடுத்தும் ஓடவில்லை

"சாவியை அதிகமாகத் திருகிவிட்டேன், அதனால் நின்றுவிட்டது" என்று எல்லாரும் சொல்வார்கள். கையால் சாவி கொடுக்கும் கடிகாரத்தில் ஸ்பிரிங் முழுதாகச் சுற்றியதும் திருகு (பக்கத்தில் இருக்கும் சாவிக் குமிழ்) தானாக நின்றுவிடும். அதற்கு மேல் முரட்டுத்தனமாகத் திருகினால்தான் எதுவும் உடையும். முழுச் சாவி இருந்தும் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே எண்ணெய் காய்ந்து பசையாகிவிட்டது என்று அர்த்தம். ஸ்பிரிங்கில் பலம் இருக்கிறது, அந்தப் பலம் முன்னும் பின்னும் ஊசலாடித் துடிக்கும் பேலன்ஸ் வீல் வரை போய்ச் சேரவில்லை.

திருகு என்ன சொல்கிறது என்று கவனியுங்கள்.

திருகு இறுகி நிற்கிறது, கடிகாரத்தை லேசாகச் சுழற்றி அசைத்தால் சில விநாடி ஓடி நிற்கிறது: காய்ந்த எண்ணெய், அழுக்கு. கழுவி எண்ணெய் போட வேண்டும். தட்டித் தட்டி ஓட்டாதீர்கள். எண்ணெய் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு நாளும் சக்கர அச்சுகளின் நுனிகளான பிவட் முனைகள் தேய்ந்துகொண்டே இருக்கும்.

எவ்வளவு திருகினாலும் இறுகவே இல்லை: கையால் சாவி கொடுக்கும் எச்.எம்.டி. ஜனதா, பைலட் போன்றவற்றில் இது மெயின் ஸ்பிரிங் அறுந்ததன் அடையாளம். ஆனால் எச்.எம்.டி. காஞ்சன் போன்ற, கை அசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்கில் இது பழுதே இல்லை. அவற்றின் ஸ்பிரிங் நுனி அதை அடைத்திருக்கும் டப்பாவின் சுவரில் வழுக்கும்படிதான் செய்திருப்பார்கள். இது தெரியாமல் நல்ல ஆட்டோமேட்டிக்கை "ஸ்பிரிங் போச்சு" என்று சல்லிசாக விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திருகியதும் 'கிர்ர்' என்று பின்னால் சுற்றி அவிழ்கிறது: ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்தும் கிளிக் என்ற சின்னக் கொக்கி நழுவுகிறது அல்லது உடைந்திருக்கிறது. உடனே திருகுவதை நிறுத்துங்கள்.

திருகு எந்த எதிர்ப்பும் இல்லாமல் சும்மா சுற்றுகிறது: தண்டு உடைந்திருக்கலாம், இல்லை உள்ளே பல் தேய்ந்திருக்கலாம். எச்.எம்.டி. என்றால் இது பெரிய கவலை இல்லை. இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. கடிகாரப் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. இடையில் வந்த கடிகாரங்களின் எண்ணிக்கை அவ்வளவு பெரிது. அதனால் 17 கல் வைத்த 0231 என்ற எண்ணுள்ள எச்.எம்.டி. இயந்திரத்துக்கு இன்றும் உதிரிபாகம் கிடைக்கிறது. ஓடாத ஒரு ஜனதாவை வாங்கி 'தானம் தருபவர்' ஆக வைத்துக்கொள்வது இந்தப் பொழுதுபோக்கில் சகஜம்.

வேகமாக ஓடுகிறது

நாளைக்கு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் வேகம் என்றால் அது ரெகுலேட்டர் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன நெம்பு) விஷயம். திடீரென்று பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று தாவினால் முதல் சந்தேகம் காந்தம்தான். ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்கின்றன. ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தது போல் ஆகிவிடுகிறது, துடிப்பு வேகமாகிறது.

சோதிக்க ஒரு சின்னத் திசைகாட்டி போதும். அதன் பக்கத்தில் ஓடும் கடிகாரத்தை மெல்லக் கொண்டு போங்கள். முள் கொஞ்சம் திரும்பினால் அது எஃகு என்பதால் கூட இருக்கலாம். பேலன்ஸோடு சேர்ந்து முள் துடிதுடித்தால் சந்தேகமே வேண்டாம்.

காந்தம் நீக்கும் டீமேக்னடைசர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. கடிகாரத்தை அதன் மேல் வைத்துப் பட்டனை அழுத்துங்கள். அழுத்தியபடியே கடிகாரத்தை மெதுவாக ஒரு கை தூரத்துக்கு விலக்குங்கள். விலக்கிய பிறகே பட்டனை விடுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. கடிகாரம் பக்கத்தில் இருக்கும்போதே பட்டனை விட்டால் முன்பைவிட அதிகக் காந்தம் ஏறி உட்கார்ந்துவிடும். ஸ்பீக்கர், டேப்லெட்டின் காந்த மூடி, கைப்பையின் காந்தப் பொத்தான் இவைதான் வீட்டில் இருக்கும் வழக்கமான குற்றவாளிகள்.

காந்தம் நீக்கியும் வேகம் குறையவில்லை என்றால் ஹேர் ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம், கீழே விழுந்து சுற்றுகள் சிக்கியிருக்கலாம். இரண்டும் கைதேர்ந்தவர் பார்க்க வேண்டியவை. ஹேர் ஸ்பிரிங்கை நிமிர்த்தக் கற்றுக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் அதற்குச் செத்த இயந்திரங்களில்தான் பழக வேண்டும், அப்பாவின் கடிகாரத்தில் இல்லை.

மெதுவாக ஓடுகிறது, அல்லது ஒரு நாள் இப்படி ஒரு நாள் அப்படி

இங்கேதான் காது மிகவும் உதவும். 0231 மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு 5. கைபேசி மைக்கை வைத்து இந்தத் துடிப்பைக் கேட்டு நாளைக்கு எத்தனை விநாடி முன்பின் என்று சொல்லும் செயலிகள் இருக்கின்றன. ராத்திரி மின்விசிறியை நிறுத்திவிட்டு, கடிகாரத்தை மைக்கின் மேல் வைத்து, முகம் மேலே, முகம் கீழே, திருகு கீழே என்று மூன்று நிலையிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று நிலையிலும் ஒரே அளவு பின்தங்கினால் ரெகுலேட்டரை ஒரு மயிரிழை நகர்த்தினால் போதும். ஒரு நிலையில் மட்டும் மோசம் என்றால் அந்தப் பக்கத்து பிவட் தேய்ந்திருக்கிறது, அல்லது அழுக்கு. முழுச் சாவி கொடுத்து, முகம் மேலே வைத்து, பேலன்ஸின் வீச்சு (அது ஒரு பக்கம் எவ்வளவு சுழல்கிறது என்பது) 270 பாகைக்குப் பக்கத்தில் இருந்தால் கடிகாரம் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. 200க்குக் கீழே போனால் ரெகுலேட்டரைத் தொடாதீர்கள், சர்வீஸ்தான் வழி. அழுக்கு இயந்திரத்தை ரெகுலேட்டரால் சரிக்கட்டினால் ஒரு வாரம் சரியாகக் காட்டும், பிறகு மறுபடி நேரம் பிசகும்.

ஐம்பது வயதான கடிகாரம் நாளைக்கு அரை நிமிடத்துக்குள் நின்றால் எனக்கு அது முழுத் திருப்தி.

திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நிற்கிறது

நின்ற நேரத்தை எழுதி வைத்தவர்களுக்கு இந்தப் பழுது தானே வந்து அகப்படும்.

1:05, 2:11, 3:16, 4:22 என்று நிற்கிறதா? இவை பெரிய முள்ளும் சின்ன முள்ளும் ஒன்றன்மேல் ஒன்று வரும் நேரங்கள். இரண்டும் உரசுகின்றன. முள்ளை ஒரு நூல் தூக்கிவிட்டால் சரி. மணி என்னவாக இருந்தாலும் நொடி முள் மட்டும் ஒரே இடத்தில் நிற்கிறதா? நொடிச் சக்கரத்தின் பல்லிடுக்கில் தூசு, அல்லது நொடி முள் கண்ணாடியையோ டயலையோ தொடுகிறது. நடுராத்திரியை ஒட்டி நிற்கிறதா? தேதி மாற்றும் பாரத்தை இழுக்க அதற்குப் பலம் போதவில்லை. சேர்த்து ஒன்று: இரவு 9 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் இடையில் திருகால் தேதியை மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதிப் பற்கள் ஏற்கனவே பிடித்திருக்கும், உடையும்.

நொடி முள் சரியாகப் போகிறது, நேரம் மட்டும் பின்தங்குகிறது

இது பலரைச் சுற்றலில் விடும் பழுது. கைபேசிச் செயலியில் பார்த்தால் துல்லியம். ஆனால் மாலைக்குள் பத்து நிமிடம் காணாமல் போயிருக்கும். நிமிட முள்ளைத் தாங்கும் கேனன் பினியன் என்ற சின்னக் குழாய் தண்டில் தளர்ந்து வழுக்குகிறது. நேரம் மாற்றும்போது முள் வெண்ணெயில் கத்தி போல் லேசாகத் திரும்பினால் இதுதான். கடைக்காரர் அந்தக் குழாயை ஒரு அழுத்து அழுத்திக் கொடுப்பார். "முழு சர்வீஸ் வேண்டும்" என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கண்ணாடிக்குள் ஆவி

இதற்கு மட்டும் அவசரம் வேண்டும். கடற்கரை ஊர்களில் வியர்வையும் ஈரக் காற்றும் திருகுத் தண்டின் வழியே உள்ளே போகும். தண்ணீர் புகுந்த அன்றே திறந்து உலர்த்தினால் ஒன்றும் ஆகாது. இரண்டு வாரம் விட்டால் தண்டும் சாவிச் சக்கரங்களும் துருப்பிடித்துவிடும். அன்றைக்கே கடைக்குப் போக முடியாவிட்டால் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். அரிசியில் புதைக்காதீர்கள், மாவுத் தூள் உள்ளே போகும். டயலில் 'வாட்டர்புரூஃப்' என்று எழுதியிருந்தாலும் அந்த ரப்பர் வளையத்துக்கு உங்கள் வயது இருக்கும். பழைய கடிகாரத்தோடு கை கழுவுவதைக் கூட நான் நிறுத்திவிட்டேன்.

நன்றாக ஓடுகிறது, ஆனால் அது அதுதானா?

இதையும் ஒரு அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் தவறான அடையாளம் பிறகு தவறான உதிரிபாகத்தில் போய் முடிகிறது.

பழைய கடிகாரச் சந்தையில் மூன்று வகை உண்டு. கடையிலிருந்து வந்தபடியே இருப்பது ஒன்று. பழைய இயந்திரத்துக்குப் புதிதாக அச்சடித்த டயல் போட்டது இரண்டாவது. இதை ரீடயல் என்போம். வேறொரு கம்பெனியின் பெயரைப் போட்டு முழுக்கப் புதிதாகச் செய்த நகல் மூன்றாவது.

ரீடயலைக் கண்டுபிடிக்க 10 மடங்கு பெருக்கும் லென்ஸ் வேண்டும். அசலில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். ரீடயலில் மை கொஞ்சம் பொங்கி ஓரம் வீங்கியிருக்கும். நிமிடக் கோடுகள் முள்ளின் நுனியோடு பொருந்துகின்றனவா பாருங்கள். ஒளிரும் பூச்சு டயலில் பளிச்சென்றும் முள்ளில் பழுப்பாகவும் இருந்தால் இரண்டும் வெவ்வேறு காலத்தவை. எச்.எம்.டி. பைலட்டைக் கறுப்பு டயலில்தான் நம் கண் பழகியிருக்கிறது. அதுவே பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று வரிசையாகப் பளபளத்தால் டயல் நேற்று பிறந்தது. ஃபாவ்ர் லூபா, வெஸ்ட் எண்ட் போன்று இந்தியாவில் நெடுநாள் புழங்கிய சுவிஸ் பெயர்களிலும் ரீடயல் ஏராளம்.

ரீடயல் மேல் எனக்குக் கோபம் இல்லை. டயல் அழுகிப்போன நல்ல இயந்திரத்துக்கு அது இரண்டாவது வாழ்க்கை. விற்பவர் அதைச் சொல்லி விற்க வேண்டும், விலையும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் அடுத்தவர் பெயரைப் பொறித்த நகலை நான் வாங்குவதில்லை, சேர்ப்பதில்லை. அப்படி விற்பது சட்டப்படியும் குற்றம். பழைய வடிவம் பிடித்திருந்தால் தன் சொந்தப் பெயரில் அந்த வடிவத்தைச் செய்து விற்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அது நேர்மையான வழி, சர்வீசும் எளிது.

நகல் என்று சந்தேகம் வந்தால் மறுபடி காதைப் பயன்படுத்துங்கள். 1960களின் சாதாரணக் கைச்சாவிக் கடிகாரம் என்று சொல்லி விற்ற ஒன்று விநாடிக்கு 8 முறை துடித்தால் உள்ளே இருப்பது அநேகமாக இன்றைய இயந்திரம். சின்ன வட்டங்களில் இருக்கும் முட்கள் வெறும் அலங்காரமாக நிற்பது இன்னொரு அடையாளம்.

ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் வண்டியில் ஒட்டும் ஒளிரும் ஸ்டிக்கரையும் 'ரேடியம்' என்றே சொல்கிறோம். அது ரேடியம் இல்லை. ஆனால் 1960களுக்கு முந்தைய ஒளிரும் டயல்களில் இருப்பது நிஜமான ரேடியமாக இருக்கலாம். வெளிச்சம் செத்திருந்தாலும் கதிர்வீச்சு சாகவில்லை. அந்தப் பூச்சைச் சுரண்டாதீர்கள், திறந்த டயலை ஊதாதீர்கள், தூளை மூச்சில் இழுக்காதீர்கள்.

சரி, இனி ஆடியோ.

பல வருடம் பரணில் கிடந்தது, பிளக்கைச் சொருகலாமா?

நேரடியாகச் சொருகாதீர்கள். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும். முழு மின்சாரம் பாய்ந்தால் அவை வெடிக்கும், கூடவே டிரான்ஸ்ஃபார்மரையும் கொண்டு போகும். ஒரு 60 வாட் பழைய இழை பல்பைத் தொடரில் இணைத்து அதன் வழியே கரண்ட் கொடுங்கள். எலக்ட்ரீஷியன்கள் சீரிஸ் லேம்ப் என்பது இதைத்தான். சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்லது. மங்காமல் பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, இழை பல்பேதான் வேண்டும்.

வால்வு ரேடியோ என்றால் இன்னும் கவனம். உள்ளே 250 வோல்ட் அளவுக்கு நேர்மின்சாரம் (டி.சி.) இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் கெப்பாசிட்டரில் தங்கும். சில மாடல்களில் இரும்புச் சட்டமே மெயின் கரண்டோடு இணைந்திருக்கும். பழக்கமில்லாதவர்கள் பின் அட்டையைக் கழற்றக் கூடாது. வால்வு சூடாகி, நிலையம் பிடிபடுவதைக் காட்டும் பச்சைக் கண் மெல்ல விழிக்கும் அந்த அரை நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இலங்கை வானொலியைக் கேட்ட பெட்டி அது. அதைக் கொளுத்திவிட மனசு வராது.

உறுமல்

ஹம் என்று ஆங்கிலத்தில் சொல்வதை நான் உறுமல் என்கிறேன். முதல் கேள்வி: வால்யூமை முழுதாகக் குறைத்தால் உறுமல் என்ன ஆகிறது?

குறையவே இல்லை என்றால் பழுது ஆம்பின் (ஆம்ப்ளிஃபயரின்) மின்வழங்கலில். ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் போய்விட்டன. இந்த உறுமல் 100 ஹெர்ட்சில், கொஞ்சம் கரகரப்போடு இருக்கும். வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால் பழுது ஆம்புக்கு வெளியே, வயரிலோ ரெக்கார்டு பிளேயரிலோ இருக்கிறது. அந்த உறுமல் 50 ஹெர்ட்ஸ், மிருதுவானது.

வெளியே என்றால், பிளேயரில் ஊசியைத் தாங்கும் டோன் ஆர்மின் உலோகப் பகுதியை விரலால் தொடுங்கள். உறுமல் மாறினால் எர்த் வயர் விட்டுப்போயிருக்கிறது. பிளேயரின் பின்னால் தனியாகத் தொங்கும் மெல்லிய பச்சை அல்லது கறுப்பு வயரை ஆம்பின் எர்த் திருகில் மாட்டுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் கேபிள் டி.வி. வயரைப் பிடுங்கிப் பாருங்கள். அது இரண்டாவது எர்த்தாக வந்து வளையம் போடுவது அடிக்கடி நடக்கிறது. என்ன ஆனாலும் உறுமலை நிறுத்த மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை வெட்டாதீர்கள். சத்தம் போகும், கூடவே உங்கள் பாதுகாப்பும் போகும்.

ஒரு பக்கம் மட்டும் பாடுகிறது

இடது வலது வயர்களை ஒவ்வொரு கட்டமாக மாற்றிப் போடுங்கள். முதலில் ஸ்பீக்கர் வயர். ஊமைப் பக்கம் ஸ்பீக்கரோடேயே இருந்தால் ஸ்பீக்கர் பழுது. பக்கம் மாறினால் ஆம்புக்குப் போங்கள், உள்ளே வரும் வயரை மாற்றுங்கள். இதிலும் பக்கம் மாறினால் பிளேயர். பிளேயரில் ஊசியை மாட்டும் ஹெட் ஷெல்லின் நான்கு சின்ன வயர்களில் ஒன்று கழன்றிருக்கும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஆம்பை ரிப்பேருக்குக் கொடுத்து, நல்ல டிரான்சிஸ்டரைக் கழற்றி, ஒரு போலி 2என்3055ஐப் போட்டு வாங்கி வந்த அனுபவம் எனக்கு உண்டு. ஒரு மாதத்தில் எரிந்தது. வெட்டிப் பார்த்தபோது உள்ளே இருந்த சிலிக்கான் துண்டு கடுகளவு. உதிரிபாகத்திலும் நகல் உண்டு. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, வேறு எங்கே வாங்கினாலும் சரி, விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் நம்பாதீர்கள்.

வால்யூமைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் அது வெறும் அழுக்கு. கான்டாக்ட் கிளீனரை உள்ளே ஒரு துளி அடித்து, கரண்ட் இல்லாமல் முப்பது தடவை முழுதாகத் திருகுங்கள்.

ரெக்கார்டு மெதுவாகப் பாடுகிறது

கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டையைத் தட்டின் மேல் வைத்து 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் இழை பல்பின் கீழ் பாருங்கள். 33⅓ வேகத்துக்கு 180 கோடு, 78க்கு 77 கோடு. கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. மெல்லப் பின்னால் நகர்ந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது தட்டின் அச்சில் எண்ணெய் காய்ந்திருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டு வந்த பிளேயர் என்றால் கதையே வேறு. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டும்தான் குறைக்கும், ஹெர்ட்சைத் தொடாது. ஹெர்ட்சுக்கு ஏற்ற வேகத்தில் சுற்றும் சிங்க்ரனஸ் மோட்டார் வைத்த பிளேயர் அதனால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 33⅓ என்பது 27.8 ஆகிவிடும். சுருதி எவ்வளவு இறங்கும் தெரியுமா? சட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் இடையில் உள்ள தூரம், அச்சாக அவ்வளவு. பெண் குரல் ஆண் குரலாகிவிடும். மோட்டார் புல்லியை 1.2 மடங்கு பெரியதாக மாற்றினால் சரியாகிவிடும். 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கென்று செய்த புல்லி சில மாடல்களுக்குத் தனியாகக் கிடைக்கும், இல்லாவிட்டால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். டி.சி. மோட்டார் வைத்தவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஊசி தாவுகிறது, அல்லது 78 ரெக்கார்டில் ஒரே இரைச்சல்

ஊசி தாவினால் ஆர்மின் தலையில் நாலணா வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். தயவுசெய்து வேண்டாம். ஊசி முனையைத் தூரிகையால் துடையுங்கள், தட்டு மட்டமாக இருக்கிறதா பாருங்கள், ஊசி அழுத்தத்தைச் சின்னத் தராசில் அளந்து பாருங்கள். காந்த கார்ட்ரிட்ஜ் (ஊசியைப் பிடித்திருக்கும் தலை) பெரும்பாலும் 2 கிராம் சுற்றுவட்டாரம் கேட்கும். சூட்கேஸ் பிளேயர்களின் செராமிக் கார்ட்ரிட்ஜ் அதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அழுத்தும். அதனால் அருமையான எல்.பி. (33⅓ வேக) ரெக்கார்டை அதில் ஓட்ட எனக்கு மனம் வருவதில்லை.

78 ரெக்கார்டின் பள்ளம் எல்.பி.யைவிட இரண்டு மூன்று மடங்கு அகலம். எல்.பி. ஊசி அதன் அடியில் போய் அழுக்கோடு உருளும், இரைச்சல்தான் கேட்கும். 78க்கென்று தனி ஊசி இருக்கிறது, அதை மாட்டுங்கள். அப்புறம், 78ஐ ஆல்கஹால் தொட்டுத் துடைக்கவே கூடாது. அது அரக்குத் தட்டு, ஆல்கஹாலில் கரையும். ஈரத்துணியும் ஒரு சொட்டு மென்மையான சோப்பும் போதும், உடனே உலர்த்திவிடுங்கள்.

கேசட் ஆடுகிறது, மெதுவாகிறது, நாடாவை விழுங்குகிறது

சுருதி ஆட்டத்தைக் கண்டுபிடிக்க தம்புரா மட்டும் பதிந்த கேசட்டைப் போடுங்கள். வேறு எந்தச் சோதனை நாடாவும் இவ்வளவு எளிதாகச் சொல்லாது. ஒரே சீராக நிற்க வேண்டிய நாதம் நெளிந்தால் பெல்ட், அல்லது நாடாவை அழுத்தி இழுக்கும் பிஞ்ச் ரோலர் என்ற ரப்பர் உருளை. டெக்கைத் திறந்தால் பல நேரம் பெல்ட் இருக்கும் இடத்தில் கறுப்புத் தார்தான் இருக்கும். பழைய ரப்பர் அப்படி உருகிவிடும். கையுறை போட்டுக்கொண்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு புல்லியாகத் துடைத்துவிட்டுப் புதுப் பெல்ட் போடுங்கள். மோட்டாரின் பின்துளையில் வேகத் திருகு இருக்கும். பெல்ட்டும் ரோலரும் சரியான பிறகே அதைத் தொடுங்கள், இல்லையென்றால் பழுதை மறைத்து வைத்தது போல் ஆகும்.

நாடாவை விழுங்கினால், சுற்றி எடுக்கும் பக்கத்துச் சக்கரம் சுற்றவில்லை. அதைத் திருப்பும் ரப்பர் டயர் இறுகி வழுக்குகிறது. மெல்லிய உப்புத்தாளால் அதன் பளபளப்பை எடுத்தால் சில மாதம் ஓடும், மாற்றினால் பல வருடம் ஓடும்.

நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை நல்ல டெக்கில் போடாதீர்கள். ஒரு மலிவான பிளேயரில் இரண்டு தடவை முன்னும் பின்னும் வேகமாகச் சுற்றி, பொடியை உதிர்த்து, அந்தப் பிளேயரைத் துடைத்த பிறகுதான் மேற்கொண்டு எதுவும்.

கேசட்டில் ஓசை மங்கல்

முதலில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஆல்கஹாலால் துடையுங்கள். பாதி மங்கல் அங்கேயே போய்விடும். போகாவிட்டால் ஹெட்டின் கோணம். ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு சின்னத் திருகு, பெயின்ட் தொட்டு வைத்திருப்பார்கள். அது இப்போது நிற்கும் இடத்தை மார்க்கர் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய நல்ல கேசட் ஒன்றைப் போட்டு, மோனோவில் கேட்டபடி, கால் சுற்றுக்குள் மெல்லத் திருப்புங்கள். ஜால்ராவும் கஞ்சிராவின் ஜல்லிச் சத்தமும் திடீரென்று திறந்துகொள்ளும் ஒரு புள்ளி வரும். அதுதான் இடம், அங்கேயே நிறுத்திவிடுங்கள். உங்கள் வீட்டில் பழைய டெக்கில் பதிந்த கேசட் மட்டும் அப்போது மங்கினால் அந்தப் பழைய டெக்கின் கோணம் தவறு என்று அர்த்தம். அந்தக் கேசட்டை டிஜிட்டலாக மாற்றும் நாளில் மட்டும் திருகை அதற்கேற்ப வைத்து, முடிந்ததும் குறித்த இடத்துக்குத் திருப்புங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மங்கலோடு மெல்லிய இரைச்சல் மிச்சம் இருந்தால் ஹெட்டில் காந்தம் ஏறியிருக்கிறது. டெக்கை அணைத்துவிடுங்கள், கேசட்டுகளைத் தள்ளி வையுங்கள். ஹெட் டீமேக்னடைசரைத் தூரத்தில் வைத்தே சுவிட்சைப் போட்டு, மெல்ல நெருங்கி, ஹெட்டின் முன்னால் இரண்டு வட்டம் சுற்றி, அதே மெதுவில் ஒரு கை தூரம் விலகிய பிறகு அணையுங்கள். சுவிட்சைத் தொடுவதற்கு முன் கையில் கட்டியிருக்கும் பைலட்டைக் கழற்றி அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.